சக்கரத்துக்கு ஒற்றைத் தூண் நட்டவர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அந்த வழியே ஓடும் சின்னக் கார் ஒன்றை நிறுத்தி, முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். இரும்புக் குழாய் ஒன்று தூண்போல நிற்கும். அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங். மெக்கானிக்குகள் அதை ஸ்ட்ரட் என்பார்கள். முழுப் பெயர், மெக்பர்சன் ஸ்ட்ரட்.

அந்த மெக்பர்சன் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் போட்ட கணக்கு மட்டும் இன்றும் உருண்டுகொண்டிருக்கிறது. காரைத் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படும் வாலிபர்கள் முதலில் முட்டிக்கொள்வது அந்தக் கணக்கில்தான்.

எர்ல் மெக்பர்சன் 1891-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அங்கேயே சர்வகலாசாலையில் படித்து, 1915-ல் என்ஜினீயர் ஆனார். மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் உலக யுத்தத்தின்போது ஐரோப்பாவுக்குப் போய் விமான என்ஜின் வேலை பார்த்தார். திரும்பி வந்து வேறு சில கார் கம்பெனிகளில் உழைத்தபின், 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார்.

பிறக்காத குழந்தை

இரண்டாவது யுத்தம் முடிந்த சமயம். செவ்ரோலே பிரிவில் ஒரு சின்னக் கார் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. எடை சுமார் 1,000 கிலோ. விலை 1,000 டாலருக்குள். பெயர் கேடட்.

இந்த விலைக்குள் நல்ல காரைச் செய்வது எப்படி? அந்த நாள் கார்களில் முன் சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்திருக்கும். மெக்பர்சன் மேல் கையை எடுத்துவிட்டார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அதன் தலையைக் காரின் உடலோடு பூட்டினார். இதைப் போன்ற யோசனை ஃபியட் கம்பெனியின் ஃபோர்னாகாவுக்கு 1920-களிலேயே வந்ததுண்டு. ஆனால் மலிவாகவும் எளிதாகவும் லட்சக்கணக்கில் செய்யத் தக்க உருவம் கொடுத்தவர் மெக்பர்சன்தான். கேடட்டின் நான்கு சக்கரங்களுக்கும் இந்தத் தூணையே வைத்தார்.

1947-ல் கம்பெனி கேடட்டைக் கைவிட்டது. பெரிய கார்களே நன்றாக விற்கும்போது, லாபம் குறைந்த சின்னக் கார் எதற்கு என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அதே ஆண்டு மெக்பர்சன் போட்டிக் கம்பெனியான ஃபோர்டில் சேர்ந்தார். 1950-ல் லண்டன் கண்காட்சியில் ஃபோர்டின் கான்சல், செபிர் கார்கள் வந்து நின்றன. இரண்டிலும் முன்பக்கம் அவருடைய தூண்!

தாழ்த்தினால் என்ன ஆகும்?

அவருடைய சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. மேல் கை இருந்தால் அங்கே தகடு செருகிச் சக்கரத்தின் சாய்வைத் திருத்தலாம். ஸ்ட்ரட் காரில் சாய்வு, அதாவது கேம்பர், பெரும்பாலும் கம்பெனி வைத்ததுதான். முன் சக்கரங்களின் டோ ஒன்றைத்தான் பட்டறையில் திருத்த முடியும்.

காரை இரண்டு அங்குலம் இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். டை ராடின் கோணம் மாறி டோவும் கெடும். டயரைத் தின்பது பெரும்பாலும் இந்த டோதான். பழி என்னவோ கேம்பர் தலையில் விழுகிறது! உள் ஓரம் தேய்ந்து கம்பி தெரிகிற வரைக்கும், நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் படாது. அந்த டயரில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செஞ்சி சாலையில் பறக்கிறார்கள்.

ஆகவே உயரத்தை முதலில் முடிவு செய்யவேண்டும். புது ஸ்பிரிங் சில நாள் ஓடி அமர்ந்தபின் அளந்து பார்த்து, அதற்கப்புறம்தான் சாமான் வாங்கவேண்டும். குறை ஒரு டிகிரி அளவென்றால் கேம்பர் போல்ட் போதும். ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக இது போகும். இதன் நடுப்பகுதி கோணலாக இருப்பதால், திருப்பத் திருப்பச் சாய்வு மாறும். அதற்கும் மேல் வேண்டுமானால் ஸ்ட்ரட்டின் தலையையே நகர்த்தும் மேல் தட்டு வாங்கவேண்டும்.

கீழ்க் கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிப் போய்விட்டால், இவை இரண்டும் அதைச் சரிசெய்யா. நீளக் கழுத்துள்ள பால் ஜாயின்ட் வேண்டும். டை ராடு முனையையும் அதற்கு ஏற்ற அளவு இறக்கவேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், பள்ளம் வரும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். டோவைக் கடைசியில்தான் வைக்கவேண்டும், கேம்பரைத் தொட்டால் அது மறுபடி மாறிவிடும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது மகா தவறு. சக்கரம் குழியில் தொங்கும்போது வெட்டின சுருள் இடத்தைவிட்டு நழுவும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவில் கட்டுப்பாடு வைத்திருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

மெக்பர்சன் 1952-ல் ஃபோர்டு கம்பெனியின் உபதலைவரானார். 1958-ல் ஓய்வு பெற்று, 1960-ல் காலமானார். கேடட் ஒருநாளும் கடைக்கு வரவில்லை. 1983-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் ஒரு சின்னக் கார் விற்பனைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் பணம் கட்டிக் காத்திருந்த மாருதி 800 அது. அதன் முன் சக்கரங்கள் இரண்டும் மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் நின்றன.