கண்ணா, மூக்கா? அந்துப்பூச்சியிடமே விடை கேட்ட ஃபாப்ரேயின் கதை

இரவு ஒன்பது மணி. தூங்கப் போக வேண்டிய பொடியன் பால், அரைகுறை உடையோடு அறைக்குள் குதித்துக் குதித்துக் கத்துகிறான். பறவை சைஸுக்குப் பூச்சிகள் வந்துவிட்டன, அப்பா உடனே வரணும் என்கிறான். மெழுகுவர்த்தியோடு போய்ப் பார்த்த அப்பாவுக்கும் ஆச்சரியம். வீடு முழுக்கச் சுமார் 40 அந்துப்பூச்சிகள்! எல்லாமே ஆண்கள். அன்று காலைதான் கூட்டிலிருந்து வெளிவந்த ஒரு பெண் பூச்சி, ஆய்வறையில் கம்பி வலைக்குள் இருந்தது. அதைத் தேடித்தான் இவ்வளவு கூட்டமும்.

இருட்டில், இவ்வளவு தூரத்திலிருந்து, எப்படிக் கண்டுபிடித்தன? அந்த அப்பாவைப் பல வருஷம் தூங்கவிடாத கேள்வி இதுதான். அவர் பெயர் ழான் ஆன்றி ஃபாப்ரே.

யார் இந்த ஃபாப்ரே?

1823-இல் தெற்கு பிரான்ஸின் சேன் லெயோன் கிராமத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகையில் படித்து ஆசிரியரானார். அவிஞ்ஞோன் நகரில் பல வருஷம் பாடம் எடுத்தார். மாலை வகுப்பில் பெண்களுக்கும் பூக்களில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்ததுதான் வினையாகிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. அப்போது 3,000 ஃபிராங்க் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர், தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

பிறகு பாடநூல் எழுதிப் பிழைத்தார். பூச்சிகள் மேல் ஆசை கொண்ட மகன் ஜூல் 1877-இல் இறந்தது பேரிடி. 1879-இல் செரிஞான் கிராமத்தில் முள்ளும் கல்லுமான ஒரு நிலத்தை வாங்கிக் குடியேறினார். மற்றவர்களுக்கு அது தரிசு, அவருக்கு ஆய்வுக்கூடம். அங்கிருந்துதான் பூச்சிகள் பற்றிய தன் 10 தொகுதி நூலை எழுதி முடித்தார்.

அந்த இரவுக்குப் பிறகு என்ன செய்தார்?

வந்தது ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அந்துப்பூச்சி. அதற்குச் சாப்பாடு கிடையாது, ஆயுளும் சில நாள்தான். ஜோடி தேடுவது மட்டுமே வேலை. எட்டு இரவுகளில் சுமார் 150 ஆண் பூச்சிகள் வந்தன.

உணர்கொம்புதான் மூக்கோ என்று சந்தேகப்பட்டு, சில பூச்சிகளுக்கு அதை வெட்டிப் பார்த்தார். பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. ஆனால் வெட்டாமல் அடையாளம் மட்டும் வைத்து விட்டவையும் அதிகம் திரும்பவில்லை. ஆக, இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்.

அடுத்து, பெண் பூச்சியைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தார். ஒரு ஆண்கூட வரவில்லை. சின்ன இடைவெளி விட்டால் போதும், வந்துவிட்டன. சுற்றிலும் நாஃப்தலின் வைத்து நெடியைக் கிளப்பினாலும் அவை குழம்பவில்லை.

திருப்புமுனை எது?

ஒரு சிறுவனிடம் காசு கொடுத்து வாங்கிய கூட்டிலிருந்து, பகலில் பறக்கும் இன்னொரு வகையின் பெண் வெளிவந்தது. அதைத் தேடியும் சுமார் 60 ஆண்கள் வந்தன. ஆனால் கவனக்குறைவாக அதே கூண்டில் ஒரு கும்பிடுபூச்சியையும் விட்டுவிட்டார். அது பெண் பூச்சியைத் தின்றுவிட்டது! அடுத்த வாய்ப்புக்கு மூன்று வருஷம் காத்திருந்தார்.

இந்த முறை பெண்ணைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து, ஆண்கள் நுழையும் ஜன்னலருகே பளிச்செனத் தெரியும்படி வைத்தார். முந்தின இரவு அது தங்கியிருந்த காலிக் கூண்டை ஓர் இருட்டு மூலையில் போட்டார். வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைச் சட்டைகூடச் செய்யவில்லை. நேரே காலிக் கூண்டுக்குப் போய் மொய்த்தன. அது உட்கார்ந்திருந்த ஓக் கிளையையும் அப்படியே தேடிப் போயின. ஈர்த்தது பார்வை இல்லை, வாசனைதான்.

அப்போ கண்ணுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. பகலில் பறக்கும் பட்டாம்பூச்சிகளில் கதை வேறு. 1942-இல் நிக்கோ டின்பெர்கனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கிரேலிங் வகை ஆண்கள் நூலில் ஆடும் காகித உருவத்தைக்கூடத் துரத்தின. ஆனால் பெண்ணை நெருங்கியதும், அதன் உணர்கொம்பைத் தன் இறக்கையிலுள்ள மணச் செதில்களில் படவைக்கிறது ஆண். அதாவது தூரத்தில் கண், கிட்டத்தில் மணம்.

ஃபாப்ரே சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. மணம் ஒருவகை அலையாகவும் பரவலாம் என்று யோசித்தார், அது தவறு. பரிணாமக் கொள்கையையும் அவர் ஏற்கவில்லை. ஆனாலும் டார்வின் அவருடைய கூர்நோக்கை மிகவும் மதித்தார்.

1915-இல், 91 வயதில் ஃபாப்ரே மறைந்தார். அந்த 'வாசனை' என்ன பொருள் என்பது 1959-இல்தான் தெரிந்தது. சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார் அடோல்ஃப் புட்டெனான்ட்.

இன்று நம்மூர்ப் பருத்திக் காட்டில் விவசாயிகள் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறியும் இதே சங்கதிதான். உள்ளே பெண் பூச்சி கிடையாது, வாசனை மட்டும்தான். ஆண் பூச்சிகள் வந்து விழுகின்றன, அன்று அந்தக் காலிக் கூண்டைத் தேடிப் போன மாதிரியே.