ஏழுக்குள் அடங்கிய எண்: இப்னுல் ஹைதம் (ரஹ்)

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்சாலைகளில் உங்கள் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். பல்சக்கரங்களைப் பற்றி அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் 17 பற்களும் மற்றதில் 60 பற்களும் இருந்தால், ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையாகச் சந்திக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லாமையே காரணம். ஃபராயிள் ஓதியவர்கள் இந்த உறவைத் தபாயுன் என்பர். மனைவிக்குக் காலும் தாய்க்கு மூன்றில் ஒன்றும் சேரும்போது, 4ஐயும் 3ஐயும் முழுமையாகப் பெருக்கிச் சொத்தை 12 பங்காக்குவது இதனாலேயே.

இதே இயல்பு உள்ளுறைந்த ஒரு கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீர்த்தவர்கள் இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள். பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்தார்கள். நைல் நதியின் நீரை ஒழுங்குபடுத்த இயலும் என்று அவர்கள் கூறியது எகிப்தின் ஃபாத்திமி மன்னர் அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. அழைப்பை ஏற்றுச் சென்று, அஸ்வான் பகுதியில் நதியை நேரில் கண்டபின், தம்மால் ஆகாது என்று மன்னரிடமே ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அவருடைய சினத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்து, 1021இல் அவர் மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் அல்கிஃப்தி எழுதுகிறார். அந்த நடிப்பைக் குறை கூறுவோர் உண்டு. உயிருக்கு அஞ்சியவரிடம் நான் அதனைக் குறையாகக் காணவில்லை.

ஒளியியலில் அவர்கள் எழுதிய கிதாபுல் மனாளிர் உலகறிந்தது. கணக்கையோ அறிந்தவர் சிலரே. 2, 3, 4, 5, 6 ஆகியவற்றால் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும். 7ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அந்த எண் எது? ஐந்தையும் பெருக்கி 1 கூட்டினால் 721. அது 7இன் 103 மடங்கு. எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும் என்றும் கண்டார்கள். ஐரோப்பாவில் இதனை நிறுவியவர் லக்ராஞ்சு, 1771இல்!

இன்னும் சிறிய விடையும் உண்டு. அந்த ஐந்தும் வகுக்கும் மிகச் சிறிய எண் 60. ஒன்றிலிருந்து அறுபது அறுபதாகக் கூட்டிச் செல்லுங்கள்: 61, 121, 181, 241, 301. 7ஆல் வகுத்தால் மீதி முறையே 5, 2, 6, 3, 0. 60க்கும் 7க்கும் பொது வகுத்தி இல்லாததால், ஏழு மீதிகளும் வந்து தீருமுன் எந்த மீதியும் திரும்பி வராது. ஆகவே பூச்சியமும் வந்தே தீரும். 301 கிடைத்துவிட்டது.

காவல் நீங்கியபின் அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கினார்கள். ஆண்டுதோறும் யூக்ளிடின் நூலையும் அல்மஜஸ்தியையும் தம் கையாலேயே பிரதியெடுத்து, 150 தீனாருக்கு விற்று, அந்த ஆண்டை அதனைக் கொண்டே கழித்தார்கள். 1040 அளவில் கெய்ரோவில் வஃபாத்தானார்கள்.