திலகவதியம்மையார்

சைவப் பாடசாலைகளிற் கற்பிக்கும் அன்பர்களே!

நம் மாணாக்கர் நம்மிடம் கேட்கும் வினாக்களுள் விடையிறுத்தற்கு மிக அரியது ஒன்றுண்டு. நோயுற்ற தாய்க்காகவும், வீட்டைவிட்டுப் போன தமையனுக்காகவும் நாடோறும் விளக்கேற்றி வணங்கியும் சுவாமி ஏன் செவிசாய்த்திலர் என்பதே அவ்வினா. தெமோதரையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஆசிரியத் தொழில் புரியும் அடியேன் இதனைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாட் காலையில், இவ்வூவா மாகாணத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்து, மாலையிற் செல்வதற்கு வீடும் பெற்றோரும் இல்லாதவரான பிள்ளைகளும் உளர். அத்தகைய பிள்ளை ஒன்று இவ்வினாவை வினவுமாயின், நாம் புத்தகத்தைப் புரட்டி விடை காண்டல் எங்ஙனம்?

அடியேன் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே மோனிக்கா அம்மையாரின் சரித்திரத்தை ஆசிரியர் உருக்கமாகச் சொல்லுவார். ஆபிரிக்காவின் வடகரையில் வாழ்ந்த அவ்வம்மையார், தம் மைந்தர் அகுஸ்தீன் வேறொரு சமயம் புக்கபோது பல்லாண்டு கண்ணீர் வடித்து வேண்டினர். மைந்தர் 387-ஆம் ஆண்டில் தாயின் சமயத்தை மீண்டும் அடைந்தனர். அவ்வாண்டிலேயே அம்மையாரும் உலகு நீத்தனர். இதனைக் கேட்டு அடியேன் கண் கலங்கியதுண்டு. ஆயின் நம் சமயத்திலும் அவ்வாறு காத்திருந்த ஓர் அம்மையார் உளர் என்பதை அக்காலத்தில் யான் அறிந்திலேன், சொல்லுவாரும் இலர்.

பின்னர் என் அன்னையார் கடுநோயுற்றனர். கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்து விரதம் பூண்டு வேண்டினேன், அன்னையார் பிழைத்திலர். அதன்பின் சில காலம் கோயில் வாயிலை மிதியாதிருந்தேன். ஆசிரியத் தொழில் ஏற்று, வகுப்பிற் சொல்ல வேண்டுமே என்னும் கடமைக்காகப் பெரியபுராண வசனத்தை விரித்தபோதே திலகவதியம்மையாரைக் கண்டேன். என்னை மீண்டும் திருக்கோயில் வாயிலுக்கு அழைத்துச் சென்றது அவ்வம்மையார் சரித்திரமே. அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவேன்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாராய்த் திலகவதியார் பிறந்தனர். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னே பிறந்த தம்பியார் மருள்நீக்கியார். அவரே பிற்காலத்துத் திருநாவுக்கரசு நாயனார். காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தொண்டை நாட்டைப் பல்லவர் ஆண்ட காலம். திருவாமூரும், இனிக் கூறப்படும் திருவதிகையும் இக்காலத்துப் பண்ணுருட்டி நகரை அடுத்துள்ளன.

திலகவதியார் மணப்பருவம் எய்தியபோது, அரசன் சேனையில் வீரராய் விளங்கிய கலிப்பகையார் மணம் பேசிப் பெரியோரை அனுப்பினர். புகழனார் இசைந்தனர். மணம் நிகழுமுன்னரே வடபுலத்துப் பகைவரோடு பொருமாறு கலிப்பகையாரை அரசன் ஏவினன். அவர் போர்முனையில் இருந்த காலத்திற் புகழனார் நோயுற்று இறந்தனர். கணவரைப் பிரிந்து வாழ ஆற்றாத மாதினியாரும் உடன் உயிர் நீத்தனர். இளஞ்சிறார் இருவரும் சுற்றத்தார் தேற்ற ஒருவாறு தேறியிருந்த வேளையிலே, கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார் என்னும் செய்தி வந்தது.

தந்தை, தாய், மணம் பேசப்பட்டவர் என மூவரையும் ஒருவர்பின் ஒருவராக இழந்த அப்பேதைப் பெண், பெற்றோர் தம்மை அவருக்கே கொடுக்க இசைந்தமையால் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் துணிந்து, தாமும் உயிர்விட ஒருப்பட்டனர். அப்பொழுது தம்பியார் தமக்கையார் திருவடிகளில் வீழ்ந்து அழுதனர். அன்னையும் தந்தையும் சென்றபின் தமக்கையாரை வணங்கலாம் என்னும் எண்ணத்தாலன்றோ தாம் உயிர் தரித்திருப்பது என்றும், அவரும் போவாராயின் அவருக்கு முன்னே தாம் போவது உறுதி என்றும் கூறினர். அச்சொற் கேட்ட திலகவதியார், தம்பியார் உயிரோடிருக்க வேண்டும் என்னும் அருளினாலே தம் உயிரைத் தாங்கினர். அணிகலன் பூணாது, எல்லா உயிர்க்கும் இரங்கி, மனையகத்திலேயே தவம் புரிந்தனர்.

அன்பர்களே, ஈண்டுச் சிறிது நிற்போம். திலகவதியார் தமக்கென வாழ்ந்தவரல்லர். ஒரு தம்பிக்காகவே வாழ்ந்தவர். அத்தம்பியார் வளர்ந்து, செல்வம் நிலையாது என்றுணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தரும் அமைத்து, சோலை வளர்த்து, குளம் தொட்டு, வந்தார்க்கெல்லாம் வழங்கினர். தமக்கையார் மனம் மகிழ்ந்திருக்கும் அன்றோ? பின்னர் அவர் பல சமயங்களையும் ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரை அடைந்து சமண சமயத்திற் சேர்ந்தனர். அந்நூல்களிலே வல்லவராய்த் தருமசேனர் என்னும் பட்டமும் தலைமையும் பெற்றனர். சமணம் பழையதொரு பெருஞ்சமயம்; தமிழுக்கு அரிய நூல்களை அளித்த சமயம். அதனை இகழ்தல் நம் கருத்தன்று. எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவர் தம்மையும் தம் குலதெய்வத்தையும் விட்டு நீங்கிய தமக்கையாரின் துயரமே நாம் கருதற்பாலது.

திலகவதியார் என் செய்தனர்? தம்பியாரைத் தேடிச் சென்று வாதிட்டாரல்லர்; சாபம் இட்டாரல்லர். சுற்றத்தொடர்பை விட்டு, கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருநீறும் உருத்திராக்கமும் பூண்டு, ஒரு மடத்தில் வாழ்ந்தனர். வைகறையில் எழுந்து திருவலகிடுதல், ஆன்சாணத்தால் திருமெழுக்கிடுதல், நந்தவனத்து மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய திருப்பணிகளை நாடோறும் செய்தனர். செய்து முடித்தபின், தம்மை ஆண்ட பெருமானே தம் தம்பியையும் ஆண்டருளல் வேண்டும் என்று பலகாலும் விண்ணப்பித்தனர். எத்துணை ஆண்டுகள் என்று புராணம் எண்ணிக் கூறவில்லை. தம்பியார் வாழ்ந்த ஊரோ அக்கெடில நதி கடலை நோக்கிச் செல்லும் வழியில், ஒருபகல் நடைத் தொலைவிலேயே உள்ளது. அவர் சமணருள் மேன்மேலும் உயர்ந்து, வாதங்களில் வென்று வருவதைத் திருவதிகையில் உள்ளாரும் கேட்டிருப்பர். வேண்டுந்தோறும் வேண்டியதற்கு மாறாகவே நிகழ்ந்து வந்தது.

ஒருநாள் பெருமான் கனவிலே தோன்றி, மனக்கவலை ஒழிக என அருளி, தம்பியார் முன்னமே தம்மை அடையத் தவம் செய்தவர் என்றும், அவரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்ளுவோம் என்றும் உணர்த்தினர். இவ்விடத்தை நாம் விரைந்து படித்தல் கூடாது. அருள் வந்த உருவம் யாது? நோய்! தம்பியார் வயிற்றிலே வடவைத்தீப் போலச் சூலை புகுந்து குடரை முறுக்கியது. சமண முனிவர் மந்திர நீர் பருக்கியும், மயிற்பீலியால் தடவியும் முயன்றனர். நோய் மிகுந்ததேயன்றித் தணிந்திலது. பாழியறையில் தருமசேனர் துடித்துக் கிடந்ததை அயலார் கண்டிருப்பின், தமக்கையின் வேண்டுகோள் கேட்கப்பட்டது என்று ஒருவரேனும் சொல்லியிரார். பாவம், அவளுக்கு இதுவும் வந்ததே என்றே இரங்கியிருப்பர்.

ஆற்றாத தருமசேனர் தம் சமையற்காரனைத் தமக்கையாரிடம் ஏவினர். நந்தவனத்தருகே அம்மையாரைக் கண்டு அவன் செய்தி கூறினன். அன்புள்ளம் துடித்திருக்கும், கால்கள் ஓட முனைந்திருக்கும். ஆயினும் அம்மையார் தாம் அப்பாழிக்கு வாரார் என்று சொல்லி அனுப்பினர். கன்னெஞ்சினால் மறுத்தாரல்லர். தம்பியார் தாமே எழுந்து நடந்து வருதற்கு உரிய காலம் அதுவே என்பதை அறிந்து மறுத்தனர். வேண்டுதலும் காத்திருத்தலும் எளிய பணிகளல்ல. சில வேளைகளில் ஓடிச்சென்று உதவுதலினும் அவை கொடியன.

அவ்விடையைக் கேட்ட தருமசேனர், உடுத்த பாயையும் உறியிலே தூங்கிய குண்டிகையையும் மயிற்பீலியையும் அங்கேயே ஒழித்து, வெள்ளாடை உடுத்து, பிறர் அறியாதபடி இரவிலே நடந்து திருவதிகை மடத்தை அடைந்து தமக்கையார் திருவடிகளில் வீழ்ந்தனர். அம்மையார் கடிந்துரைத்தாரல்லர், இத்துணைக் காலம் எங்கிருந்தாய் என்று வினவினாருமல்லர். பெருமான் திருவருளை நினைந்து தொழுது, எழுக எனக் கூறி, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். அப்பொழுது திருப்பள்ளியெழுச்சிக் காலம் வந்தது. திருவலகும் திருமெழுக்குத் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியாரை உடன் அழைத்துத் திருக்கோயில் புக்கனர். ஆசிரிய அன்பர்களே, இதனை நோக்குமின். பல்லாண்டு வேண்டிய வரம் கைகூடிய அந்நாளிலும் அவர் துடைப்பத்தை வைத்துவிட்டாரல்லர். தம் தொண்டு வரத்திற்குக் கொடுத்த விலையன்று என்பதை அச்செயலாற் காட்டினர்.

சந்நிதியில் மருள்நீக்கியார் பாடிய பதிகமே இன்று 4-ஆம் திருமுறையின் முதற்பதிகமாய்க் கொல்லிப் பண்ணில் ஓதப்படுகின்றது. சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமம் வந்தது. ஆயினும் இன்ப வாழ்வு வந்ததா? அரசன் ஆணையால் நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லோடு பிணித்துக் கடலில் இடுதலுமே அடுத்து வந்தன. தம்பியாரை மீளப்பெற்ற தமக்கையார் அவரைத் தம்மருகே வைத்துக்கொள்ளப் பெற்றிலர், உலகுக்குக் கொடுத்துவிட்டனர். அத்தம்பியாரே பின்னர்த் திங்களூரில், அரவு தீண்டி இறந்த அப்பூதியடிகளின் மூத்த மகனைத் திருப்பதிகம் பாடி எழுப்பினர். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணம், நாவுக்கரசர் வரலாற்றினுள்ளே இவ்வம்மையாரைப் போற்றுகின்றது. அறுபத்துமூவருள் அவர் எண்ணப்பட்டிலர். ஆயினும் திருவதிகைத் திருக்கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு.

இனி நம் வினாவுக்கு வருவோம். திலகவதியார் தம்பியாரைப் பெற்றனர் என்பதனால் எல்லா வேண்டுகோளும் இறுதியிற் கைகூடும் என்று நாம் கற்பித்தல் பிழை. அவர் இழந்த மூவருள் ஒருவரும் மீண்டு வந்திலர். அப்பூதியார் மகன் எழுந்தான், புகழனார் எழுந்திலர். அஃது ஏன் என்று புராணம் கூறவில்லை, அம்மையாரும் கேட்டிலர். விடை பெறாத மூன்று துயரங்களை நெஞ்சிலே வைத்துக்கொண்டே அவர் நான்காவதற்காகக் கைகூப்பினர். அவருடைய நம்பிக்கையின் பெருமை வரம் பெற்றதில் இல்லை. வரம் பெறாத காலத்தும் இறைவனை விட்டு நீங்காமையில் உள்ளது.

தெமோதரைப் புகையிரத நிலையத்தை அறிந்தோர்க்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். 1924-ஆம் ஆண்டிற் பதுளை வரை சென்று முடிந்த இவ்விருப்புப்பாதை, நிலையத்தை விட்டு நீங்கிக் குன்றைச் சுற்றி, அந்நிலையத்தின் கீழே குடையப்பட்ட சுரங்கத்துள் நுழைகின்றது. வண்டியிலிருக்கும் சிறுவன் வந்த இடத்திற்கே மீளுகின்றோம் என்று மயங்குவான். செங்குத்தான மலையில் வண்டி கவிழாமல் இறங்குதற்கு அவ்வளைவே வழி என்பதைப் பாதை வகுத்தவன் அறிவான். மோனிக்கா அம்மையாரும் மைந்தர் கடல் கடந்து செல்லலாகாது என்று இரவெல்லாம் வேண்டினர். மைந்தர் சென்றே விட்டனர். சென்ற நாட்டிலேதான் மனம் திரும்பினர். சுரங்கத்தின் இருளில் இருக்கும்போது இவ்வுண்மை தோன்றாது. அதுபற்றி எவரையும் குறை கூறுதலும் தகாது.

ஆதலின், துயருற்ற பிள்ளையிடம், நீ வேண்டியது போதாது என்றோ, உன் வினை என்றோ சொல்லற்க. என் அன்னையார் மறைந்த காலத்தில் எனக்கு அவ்வாறு சொன்னார் உளர். அச்சொற்களே என்னைக் கோயிலினின்றும் அகற்றின. பிள்ளையின் அருகே இருமின். திலகவதியாரின் கதையை, அவர் இழந்த மூவரையும் மறையாது, முழுமையாகச் சொல்லுமின். பின்னர் பாடசாலைப் பூசையறையைத் துடைக்கவும் ஒரு பூவைப் பறித்து வைக்கவும் அப்பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுமின். தம்பியாருக்கு அம்மையார் செய்ததும் அதுவே: காரணம் விளக்கினாரல்லர், நீறளித்து, விடியற்காலையில் உடன் நடந்தனர்.

திருவதிகை வீரட்டானத்துப் பெருமான் திருவருள் அனைவரையும் காப்பதாக.

சுபம்.