தீபாவளித் திருநாளும் முத்துசுவாமி தீட்சிதரும்

தீபாவளி என்றதும் எண்ணெய் ஸ்நானமும் புத்தாடையும் பட்டாசும் பட்சணமும் நம் நினைவில் எழுகின்றன. கர்நாடக சங்கீதம் பயில்வோர்க்கோ அந்நாள் மற்றொரு வகையிலும் மறக்கவொண்ணாதது. 1835ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் தேதி, தீபாவளித் திருநாளன்று, எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் இறைவனடி சேர்ந்தார். பிழைப்பின் பொருட்டு வெளியூரில் குடியேறிய நம் போன்றோர் அப்பெரியாரின் சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம். அவரும் வாழ்நாளின் பெரும்பகுதியை ஊர்விட்டு ஊர் சென்று கழித்தவரே ஆவர்.

திருவாரூரில், 1775-76ஆம் ஆண்டுக்குரிய மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் தீட்சிதர் பிறந்தார். தந்தையார் ராமசுவாமி தீட்சிதர், அம்சத்வனி ராகத்தை உலகிற்கு அளித்தவர். சின்னசுவாமியும் பாலுசுவாமியும் இளைய சகோதரர்கள். மணலி முதலியார் குடும்பத்தாரின் ஆதரவை நாடித் தந்தையார் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தார். அம்முதலியார்கள் கம்பெனி ஆட்சியினரோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். ஆதலின் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பெற்ற ஆங்கிலப் பாண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பு இக்குடும்பத்தினர்க்குக் கிட்டியது. இளவல் பாலுசுவாமி ஐரோப்பிய வாத்தியமாகிய பிடிலைப் பயின்று நம் இசைக்கு இசைவித்தார்.

அந்நாளில் சிப்பாய்களும் துரைமார்களும் கேட்டு மகிழ்ந்த ஜனரஞ்சகமான மெட்டுகள் அவை. தீட்சிதர் அவற்றை அந்நியம் என்று தள்ளவில்லை. சங்கராபரணத்தின் சுவரங்களில் அமைந்த அம்மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் பொருத்தினார். நோட்டுசுவர சாகித்தியங்கள் என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கில மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டே அவர் கையில் சங்கீத சியாமளையின் துதியாக மாறிற்று.

பின்னர்ச் சிதம்பரநாத யோகி என்பார் அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சில ஆண்டுகள் தங்கிய தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசனையும் வேதாந்தமும் பயின்றார். வடநாட்டுச் சங்கீதத்தையும் செவிகுளிரக் கேட்டார். யமுனாகல்யாணி, அமீர்கல்யாணி, துவிஜாவந்தி ஆகிய ராகங்களில் அவர் செய்த கிருதிகளில் வடநாட்டின் மணம் இன்றும் வீசுகின்றது.

காசியிலிருந்து திரும்பியவர் திருத்தணிகை மலையை அடைந்தார். இவ்விடத்தில் நாம் சற்றே பெருமிதம் கொள்வதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நமது பிறந்த ஊர் கார்வேட்டிநகரம். அரக்கோணம் ரேணிகுண்டா ரயில் பாதையில் புத்தூரில் இறங்கிச் செல்ல வேண்டிய ஊர். முற்காலத்தில் திருத்தணி எமது கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்திருந்தது. பின்னர்ச் சித்தூர் ஜில்லாவில் இருந்து, 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எமது சமஸ்தானமும் சங்கீதத்தைப் போற்றியதே. வேணுகோபாலசுவாமி பேரில் பதங்கள் பாடிய சாரங்கபாணியும், வர்ணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யாவும் அங்கு விளங்கியவர்கள்.

திருத்தணியில் முருகப்பெருமான் ஒரு முதியவர் உருவில் வந்து தீட்சிதர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. உடனே மாயாமாளவகௌளையில் முதற் கிருதி பிறந்தது என்பர். குருகுகன் என்னும் அவருடைய முத்திரை முருகனையே குறிப்பது.

அதன்பின் காஞ்சி, திருவாரூர், தஞ்சை எனத் தலந்தோறும் சென்று பாடினார். திருவாரூர்க் கமலாம்பிகை மீது நவாவரணக் கிருதிகளையும், நவக்கிரகங்கள் மீது கிருதிகளையும் அருளினார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சைச் சகோதரர் நால்வரும் அவரிடம் பயின்றவர்கள். பொருளுக்காக மனிதரைப் பாடுவதில்லை என்ற உறுதியுடன் அவர் வறுமையைப் பொறுத்து வாழ்ந்தார் என்று பெரியோர் கூறுவர்.

இளவல் பாலுசுவாமி எட்டயபுர சமஸ்தான வித்துவானாக அமர்ந்திருந்தார். அவ்வூரிலேயே தீட்சிதரின் இறுதி நாட்கள் கழிந்தன. அறுபது ஆண்டுகள் சுழன்று மீண்டும் ஒரு மன்மத வருஷம் வந்தது. அவ்வாண்டுத் தீபாவளியன்று, சீடர்கள் மீனாட்சியம்மை பேரில் அவர் இயற்றிய கிருதியைப் பாடக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் பிரிந்தது என்பது வழிவழி வரும் வரலாறு. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. அவ்வூரில்தான் 1882இல் பாரதியார் பிறந்தார். பாலுசுவாமியின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை அவ்வூரிலேயே வெளியிட்டார். 200க்கு மேற்பட்ட தீட்சிதர் கிருதிகள் அதனால் நமக்குச் சுரக் குறிப்புடன் கிடைத்தன. அது வெளிவந்திராவிடில் அவற்றுள் எத்தனை மறைந்திருக்குமோ!

இக்காலனியில் வளரும் குழந்தைகள் வேற்று மொழியில் பேசுகின்றனர், வேற்று மெட்டுகளை முணுமுணுக்கின்றனர் என்று பெரியோர் பலர் கவலுறுவதை நாம் அறிவோம். அக்கவலை நியாயமானதே. எனினும் தீட்சிதர் வாழ்க்கை அதற்கு விடை தருகின்றது. கோட்டைப் பாண்டும் காசிச் சங்கீதமும் அவரைத் தம் வசப்படுத்தவில்லை. அவரே அவற்றைத் தம் வசப்படுத்திக்கொண்டார். எம்மெட்டைக் கேட்டாலும் தம் முத்திரையை அவர் விட்டாரில்லை. முத்திரை உள்ளவனுக்கு அயல் மெட்டினால் அச்சமில்லை. அம்முத்திரையைக் குழந்தைகளுக்கு ஊட்ட வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. வீட்டில் நாம் தமிழ் பேசாது, நம் பாடல்களைப் பாடாது இருந்துவிட்டுக் குழந்தைகளைக் குறைகூறுதல் தகுமோ?

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வரும் தீபாவளி மாலையில் மத்தாப்புக் கொளுத்துமுன், நம் குழந்தைகள் ஒன்றுகூடி ஒரு நோட்டுசுவர சாகித்தியத்தைப் பாடட்டும். சில நிமிஷங்களே பிடிக்கும். கமகச் சிக்கல் இல்லாமையால் சிறுவரும் எளிதிற் கற்கலாம். ஊர் ஊராய்ச் சென்ற ஒரு பெரியாரின் நினைவு, ஊர்விட்டு வந்த நம்மிடையே அவ்வாறு ஆண்டுதோறும் ஒளிரட்டும்.