யாழ் தேடிய அடிகளார்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் வீதியிலே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு உளது. இருபுறமும் முஸ்லிம் பெருமக்கள் வாழும் ஊர்கள். மேற்கே வயல், கிழக்கே கடல். விதைத்தவன் மழையை ஆளான்; வலை வீசியவன் காற்றை ஆளான். தம்மாலியன்றதைச் செய்து, பயனை இறைவனிடம் ஒப்படைத்தலை அங்குள்ள முஸ்லிம்கள் தவக்குல் என்பர். கீதை கற்ற நமக்கும் அது புதிதன்று.

இம்மண்ணிலே 1892 மார்ச் 27ஆம் நாள் பிறந்த மயில்வாகனனாரே விபுலாநந்த அடிகளார். அந்நாளில் அவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆயினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் வாய்த்தது. அதனை நீத்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடம் புகுந்து, 1924இல் துறவு பூண்டார். பதவியைத் துறத்தல் துறவிக்கு எளிதென்பாருளர். பதவியிலிருந்தோர் அவ்வாறு கூறார். பின்னரும் ஓரிடத்தில் நிலைத்தாரில்லை. மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். இடையே இமயத்து மாயாவதியில் ஆங்கிலத் திங்களிதழொன்றின் ஆசிரியராயிருந்தார்.

இத்தனை இடமாற்றங்களுக்கிடையே அவர் கைவிடாதது ஒன்றுண்டு. பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டு கடந்திருந்தது. பார்த்தறிய ஒரு கருவியில்லை. மீட்டிக் காட்ட ஒரு பாணரில்லை. அவ்விழப்பை எண்ணி வருந்திய தமிழறிஞர் பலர். அடிகளாரோ எஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரையும் கையிலிருந்தன. தாம் கற்ற கணிதமும் பௌதிகமும் இருந்தன. நரம்பின் நீளம் குறைய ஒலி உயரும் அளவைக் கணித்து, சுரங்களின் இடைவெளியை வரையறுத்து, வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பை உய்த்துணர்ந்தார். ஏறத்தாழ 14 ஆண்டு சென்றன. நூல் முற்றுப்பெறுமோ, உலகு ஏற்குமோ என்னும் கவலைக்கு அவர் காலம் ஒதுக்கியதாகத் தோன்றவில்லை. அடுத்த கணக்கு எப்போதும் காத்திருந்தது.

1947 ஜூன் 5, 6ஆம் நாள்களிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. அடிகளார் உடல் நலிந்திருந்தார். ஒன்றரைத் திங்கள் நிறையுமுன், ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே மறைந்தார். அறிஞர் அந்நூலை ஆய்ந்து உரைத்தவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் கேட்டிலர். திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது.