மூளையின் அலைகளைக் கண்டவர்

ஜேர்மனியில் 1873இல் பிறந்த ஹான்ஸ் பேர்கர், இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தூரத்திலிருந்த சகோதரி அபாயத்தை உணர்ந்தாராம். அந்த வியப்பே அவரை உளமருத்துவத்தின் பக்கம் திருப்பியது.

எண்ணம் தந்தியின்றிப் பயணிக்குமா என்பதை அவரால் நிறுவ முடியவில்லை. ஆனால் 1924இல், யேனா நகரில், மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். 1929இல்தான் வெளியிட்டார், பலர் நம்பவில்லை. இன்று, மனச்சோர்வுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று வாரக்கணக்கில் விழுங்கிப் பார்க்காமல், அவ்வலைகளிலிருந்தே முன்கூட்டி அறிய ஆய்வாளர்கள் முயல்கின்றனர்.

அதே பேர்கர், நாஸி ஆட்சியில் மனநோயாளருக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த நீதிமன்றமொன்றிலும் அமர்ந்திருந்தார். அதை மறைப்பது நியாயமல்ல. 1941இல், கடும் மனச்சோர்வில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இன்றைய மாத்திரைகளில் ஒன்றேனும் அன்று இருக்கவில்லை.