ஆக்சிஜனோடு மல்லுக்கட்டிய மனுஷன்: ஹம்ப்ரி டேவி

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போயிருப்பீங்க. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். அங்கே மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர், களை வெட்டுற மிஷின், செயின்சா எல்லாம் ஆள் தூக்கிச் சுமக்கிறவை. எடை குறையணும்னு அவற்றின் இன்ஜின் கேஸை அலுமினியம் இல்லன்னா மெக்னீசியம் அலாயில் வார்க்கிறாங்க. சரிவில் உருண்டு விழுந்தா கேஸில் விரிசல் விடும். அதைப் பத்தவைக்க ஆர்க் வேணும். இந்த ரெண்டு உலோகத்தோட கதையிலும், ஆர்க்கோட கதையிலும் ஒரே ஆள் வர்றார். அவர்தான் ஹம்ப்ரி டேவி.

1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா மரச்சிற்ப வேலைக்காரர். டேவிக்கு 15 வயசானபோது, கடனை வச்சுட்டு இறந்துட்டார். குடும்பத்தில் மூத்த பையன் டேவிதான். ஒரு மருத்துவரிடம் தொழில் பழகப் போனார். வேதியியலைத் தானே படிச்சுக்கிட்டார். 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைச்சது.

அப்போதான் வோல்டாவோட பேட்டரி வந்திருந்த புதுசு. ஆக்சிஜனோடு ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கிற உலோகங்களை மின்சாரத்தால் பிரிக்கலாம்னு டேவி நம்பினார். 1807-ல் பொட்டாசியமும் சோடியமும் கிடைச்சது. 1808-ல் பாதரசத்தின் துணையோடு மெக்னீசியத்தையும் பிரிச்சார். அலுமினியம் மட்டும் வழிக்கு வரலை. பேர் வைக்க முடிஞ்சது, உலோகத்தைக் கண்ணால் பார்க்க முடியலை. ஆக்சிஜனின் பிடி அவ்வளவு இறுக்கம்.

அடுத்து, 2000 ஜோடித் தகடு கொண்ட பெரிய பேட்டரியை வச்சு, ரெண்டு கரித்துண்டுக்கு நடுவே மின்சாரத்தைத் தாவ விட்டுக் காட்டினார். வெளிச்சம் வில் மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. ஆர்க்குங்கிற பேரே அதிலிருந்து வந்ததுதான்.

1812-ல் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடிச்சு அவர் கண் காயப்பட்டது. எழுதவே சிரமப்பட்ட அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே. 1815-ல் சுரங்கத் தொழிலாளிகளுக்காகப் பாதுகாப்பு விளக்கு செஞ்சார். அதுக்குக் காப்புரிமை வாங்கலை. 1829-ல் ஜெனீவாவில் இறந்தபோது வயசு 50.

ஆர்க்கும் மெக்னீசியமும் டேவி கையிலேயே இருந்தும், ஆர்க்கால் அதை ஒழுங்காப் பத்தவைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. காரணம் அதே ஆக்சிஜன். 1941 வாக்கில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியத்தை ஓடவிட்டுக் காத்தை விலக்கி, மெக்னீசியத்தை இணைச்சார். நம்ம பட்டறையில் ஆர்கான் ஊதுற டிக் வெல்டிங் அதிலிருந்து வந்ததுதான்.

இப்போ உடைஞ்ச கேஸ் உங்க கைக்கு வருதுன்னு வச்சுக்கோங்க. முதல்ல அது எந்த உலோகம்னு பாருங்க. ஒரு ஓரத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்க, நுரைச்சா மெக்னீசியம். அதுக்கு மெக்னீசியம் கம்பிதான் போடணும். மாத்திப் போட்டா இணைப்பு நொறுங்கிடும். அலுமினிய வார்ப்புன்னா பெரும்பாலும் 4043 கம்பி சரிவரும். விரிசல் முடியுற இடத்தில் சின்ன ஓட்டை போட்டு, வி வடிவில் பள்ளம் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை முழுசா நீக்குங்க. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே உள்ள ஆக்சைடு படலம் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும். அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் நல்லாத் தேய்ங்க, மெஷினை ஏசியில் வைங்க. ஏசியின் ஒரு பாதிச் சுற்று அந்தப் படலத்தை உடைக்கும், மறு பாதி உலோகத்தை உருக்கும்.

மெக்னீசியத் தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. டி வகைத் தீயணைப்புப் பவுடர்தான் போடணும். வேலையைத் தொடங்கும் முன்னாடியே அதைப் பக்கத்தில் எடுத்து வைங்க. ஹெல்மெட் போடாம ஆர்க் அடிக்காதீங்க. டேவி காலத்தில் அப்படி ஒண்ணு இல்லை, நமக்கு இருக்கு.